யாவரட்டில் ஷங்காய்க்கு என்ன வேலை?

பாங்கொக்கின் சைனாடவுன், யாவரட் வீதி. அங்க "பழைய ஷங்காய்" எண்டு சொல்லி விற்கிற ஒரு பூட்டிக் ஹோட்டலில், மாணவர் பயிற்சிப்பட்டறை ஒண்டுக்காக மூண்டு இரவு தங்கினன். ஏற்பாட்டாளர்களின் காசு. பேர் எழுதேல்லை. அந்த மாதிரி அலங்காரம் ஒரு ஹோட்டலோட நிக்கிற விஷயமும் இல்லை.

வெசாக் கூடு மாதிரி சிவப்பு விளக்குகள், பறவைக் கூண்டுகள், உடம்போட ஒட்டின சீன கவுண் போட்ட பொம்பிளையளின் பழைய விளம்பரப் படங்கள். வடிவுதான். ஆனா வெளியில இறங்கினால் ஷங்காயை எங்கயும் காணேல்லை. யாவரட் தியோச்சியூ ஆக்களின் இடம். தென்சீனாவில் சுவாத்தோ துறைமுகத்தில் கப்பலேறி வந்தவையின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஷங்காய் அங்கயிருந்து பல நூறு கிலோமீற்றர் வடக்கில கிடக்கு. ஒரு தியோச்சியூ ஆச்சியும் ஒரு ஷங்காய் ஆச்சியும் தங்கட தங்கட பாஷையில கதைச்சால் ரெண்டு பேருக்கும் ஒண்டும் விளங்காது. யாழ்ப்பாணத்தில ஹோட்டல் கட்டிப்போட்டு ராஜஸ்தான் அரண்மனை மாதிரி சோடிச்சு, "உண்மையான தமிழ் அனுபவம்" எண்டு விற்றால் நாங்கள் சிரிப்பமா, இல்லையா?

"இது சும்மா அலங்காரம், இதுக்குமா அரசியல்?" எண்டு கேப்பினம். சரி, அலங்காரத்தையே பாப்பம். அபின் குடிக்கிற கட்டிலை இப்படியான இடங்களில சொகுசுச் சாமானா வைக்கினம். சியாம் அரசு அபின் விற்கிற உரிமையைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பாத்தது. வாங்கிக் குடிச்சதில பெரும்பங்கு மூட்டை சுமந்து முதுகு முறிஞ்ச சீனக் கூலிகள். தடை வந்தது 1959இல தான். அந்தக் கட்டிலில குஷன் போட்டு செல்ஃபி எடுக்கச் சொல்லுறது எந்த வகை ரசனை?

விற்கேலாத கதைகள் இன்னும் இருக்கு. 1782இல புதுத் தலைநகர் கட்டேக்க, அந்த நிலத்தில இருந்த சீனரை எழுப்பி சம்பெங் பக்கம் அனுப்பினதில இருந்துதான் இந்தச் சைனாடவுனே தொடங்குது. 19ஆம் நூற்றாண்டில சீன ஆம்பிளையள் மூண்டு வருஷத்துக்கு ஒருக்கா தலைவரி கட்டவேணும். கட்டினவனின் மணிக்கட்டில கயிறு கட்டி முத்திரை வைப்பினம். 1914இல ஆறாம் ராமா மன்னரே புனைபெயரில சீனரைத் தாக்கிக் கட்டுரை எழுதினார். 1930களின் கடைசியில பிபுன் சொங்கிராம் ஆட்சி சீனப் பள்ளிக்கூடங்களையும் பத்திரிகைகளையும் இழுத்து மூடினது. சீனப் பேரைத் தாய்ப் பேரா மாத்தின குடும்பங்கள் எத்தினை! ஒரு பாஷையை அரசாங்கம் எப்படி நெரிக்கும் எண்டு எங்களுக்கு ஆரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

அதாவது, அந்தக் கனவு ஷங்காய்க்காரியின் படம் சுவரில தொங்குற "1930கள்"தான், யாவரட் பிள்ளையளின் பள்ளிக்கூடம் மூடின 1930கள். கற்பனைச் சீனர் அழகா இருக்கினம், வாடகை கேக்கினமில்லை, பழசு ஒண்டும் கதைக்கினமில்லை. அதனாலதான் அவைக்கு மவுசு.

ஹோட்டல் நடத்தக் கூடாது எண்டு நான் சொல்லேல்லை. அங்க நிறையப் பேருக்கு வேலை கிடைக்குது, யாவரட்டும் வியாபாரத்தில வளந்த இடம்தான். ஆனா தியோச்சியூவில என்ன குறை? தாய்லாந்து முழுக்க நூடில்ஸுக்குச் சொல்லுற "குவேய் தியோ" எண்ட சொல்லே தென்சீனப் பேச்சிலயிருந்து வந்தது. காலமை தியோச்சியூக் கஞ்சி குடுக்கலாம். நான் தங்கின இடத்தில பான்கேக்.

கொஞ்சம் நடந்தால் சரோன் சாய் எண்டொரு குடியிருப்பு வரும். சடங்குகளில எரிக்கிற கடதாசிச் சாமான் விற்கிற குடும்பங்கள், பழைய கடைவீடுகள். பக்கத்தில 2019இல மெட்ரோ ஸ்டேஷன் திறந்தாச்சு. அதுக்குக் கனகாலம் முந்தியே, காணி விலை ஏறும், தங்களை எழுப்பிப்போடுவினம் எண்ட பயத்தில அந்தச் சனம் தாங்களே பாதுகாப்புக் குழு அமைச்சு, ஒரு சின்ன அருங்காட்சியகமும் போட்டது. சைனாடவுனுக்கு மவுசு கூடக் கூட, அங்க இருக்கிற சீனக் குடும்பங்களுக்கு இடம் குறையுது. எங்கட ரிசப்ஷனில கிடந்த சுற்றுலா வரைபடத்தில மூண்டு ரூஃப்டொப் பார் இருந்தது. சரோன் சாய் இல்லை.