ஒரே தரவுக்குப் பல பெயர்கள்: பழைய மென்பொருள்களைச் சீராக்கும் பணி

வங்கி, காப்பீடு, ஓய்வூதியம், வரி வசூல் போன்ற துறைகளில் பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நிரல்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி கோபோல் மொழியில் எழுதப்பட்டது. 1959இல் தொடங்கிய கூட்டு முயற்சியின் பயனாக 1960இல் அம்மொழியின் முதல் வரையறை வெளிவந்தது. இந்த நிரல்களைப் பராமரிப்போருக்குக் கணக்கீடுகளை விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரே தரவு வெவ்வேறு நிரல்களில் வெவ்வேறு பெயருடனும் வெவ்வேறு அளவுடனும் இருப்பதே அது.

முதலில் இந்தத் தரவு எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று பார்ப்போம். ஒரு சேமிப்புக் கணக்கைப் பற்றிய விவரங்களின் தொகுப்பைப் பதிவு என்பார்கள். அதிலுள்ள ஒவ்வொரு விவரமும் ஒரு புலம். ஒரு பதிவில் முதல் 10 பைட்டுகள் கணக்கு எண், அடுத்த 30 பைட்டுகள் பெயர், அடுத்த 6 பைட்டுகள் கணக்கு தொடங்கிய தேதி, கடைசி 5 பைட்டுகள் இருப்புத் தொகை என்று வைத்துக்கொள்வோம். பழைய வகைக் கோப்பில் இந்த 51 பைட்டுகள் மட்டுமே இருக்கும். எந்தப் புலம் எங்கே முடிகிறது, அதன் பெயர் என்ன என்ற தகவல் கோப்பில் இருக்காது.

அந்தத் தகவல் நிரலுக்குள் இருக்கிறது. கோபோல் நிரலில் டேட்டா டிவிஷன் என்ற பகுதி உண்டு. ஒவ்வொரு புலத்தின் பெயர், வகை, நீளம் ஆகியவை அங்கே வரிசையாக எழுதப்படும். இதுவே பதிவு வரையறை. இருப்புத் தொகை ஏழு முழு இலக்கங்களும் இரண்டு தசம இலக்கங்களும் கொண்டது என்பதை வரையறைதான் சொல்கிறது. தசமப் புள்ளி கோப்பில் சேமிக்கப்படுவதில்லை. அந்த ஒன்பது இலக்கங்களை, பைட்டுக்கு ஒன்றாக வைத்தால் 9 பைட்டுகள் பிடிக்கும். பைட்டுக்கு இரண்டாக அடுக்கினால், கூட்டல் கழித்தல் குறியையும் சேர்த்து 5 பைட்டுகளே போதும். கோப்பு எந்த முறையில் எழுதப்பட்டதோ அதே முறையில் படிக்கப்பட வேண்டும்.

ஒரு கோப்பை ஐம்பது நிரல்கள் படிக்கின்றன என்றால், ஐம்பதிலும் அந்த வரையறை இருந்தாக வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நிரல்கள் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு கைகளால் எழுதப்பட்டவை. ஒருவர் கணக்கு எண்ணை ‘அக்கவுன்ட்-நோ’ என்று எழுதினார். மற்றொருவர் ‘ஏசி-நம்’ என்றார். வேறொருவர் ‘மாஸ்டர்-கீ’ என்றார். இது ஒரு பொருளுக்குப் பல பெயர் இருக்கும் நிலை. இதன் மறுபக்கமும் உண்டு. ‘ஸ்டேட்டஸ்’ என்ற பெயர் ஒரு நிரலில் கணக்கின் நிலையையும், இன்னொன்றில் கடனின் நிலையையும் குறிக்கலாம். இது ஒரு பெயருக்குப் பல பொருள் இருக்கும் நிலை.

பெயர் மாறுவதால் இயந்திரத்துக்குப் பாதிப்பில்லை. நிரல் தொகுக்கப்படும்போது பெயர்கள் நினைவக இடங்களாக மாறிவிடுகின்றன. குழப்பம் நிரலைத் திருத்த வரும் மனிதருக்கே. ஆனால் வரையறை மாறினால் இயந்திரமும் தவறும். ஒன்பது இலக்க எண் ஒன்றை ஏழு இலக்கப் புலத்துக்கு நகர்த்தினால், கோபோல் இடப்பக்க இலக்கங்களை வெட்டிவிடும். 12,34,56,789 என்பது 34,56,789 ஆகிவிடும். நிரல் பொதுவாக அங்கே நிற்காது. தவறான தொகையுடன் தொடர்ந்து ஓடும்.

இந்த ஒழுங்கின்மையின் விலையை உலகம் 2000ஆம் ஆண்டுச் சிக்கலின்போது உணர்ந்தது. இடத்தை மிச்சப்படுத்த ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதும் வழக்கம் இருந்தது. 1965இல் பிறந்தவரின் வயதை 2000இல் கணக்கிடும் நிரல், 00இலிருந்து 65ஐக் கழித்தது. திருத்தம் தனித்தனியே பார்த்தால் பெரும்பாலும் எளிது. எந்தெந்தப் புலங்களில் தேதி இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே கடினம். ‘டேட்’ என்ற பெயருள்ள புலத்தைத் தேடி எடுக்கலாம். ‘ஒர்க்-6’ என்ற பெயருள்ள புலத்தில் தேதி இருந்தால் பெயர் உதவாது. எனவே உறுதியாகத் தெரிந்த ஒரு தேதிப் புலத்திலிருந்து தொடங்கி, அதன் மதிப்பு எந்தெந்தப் புலங்களுக்கு நகர்கிறது என்று தடம்பிடித்தார்கள். சென்னை உட்பட இந்திய நகரங்களின் மென்பொருள் நிறுவனங்களில் ஏராளமானோர் அந்த ஆண்டுகளில் இந்தப் பணியில் ஈடுபட்டார்கள்.

சீராக்கும் பணியும் அதே வழியில்தான் நடக்கிறது. முதல் படி கணக்கெடுப்பு. எல்லா நிரல்களிலும் உள்ள புலங்கள், அவற்றின் நீளம், வகை, அவை சேர்ந்த கோப்பு ஆகியவை பட்டியலிடப்படும். இதைக் கருவிகளே செய்துவிடும்.

இரண்டாம் படி, எவை ஒன்றே என்று முடிவு செய்வது. ஒரே கோப்பில் ஒரே இடத்தில் இருக்கும் புலங்கள் பெரும்பாலும் ஒன்றே. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மதிப்பு நகர்ந்தாலோ, இரண்டும் ஒப்பிடப்பட்டாலோ அவையும் ஒன்றாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் உறுதி இல்லை. ஒரே தற்காலிகப் புலத்துக்கு முதலில் கணக்கு எண்ணும் பிறகு கிளை எண்ணும் நகர்த்தப்படலாம். கருவி மூன்றையும் ஒரே குழுவில் போட்டுவிடும். ஆகவே இந்தப் படியில் தொழிலின் நடைமுறை அறிந்தவரின் தீர்ப்பு தேவை. பணியின் கடினமான பகுதி இதுதான்.

மூன்றாம் படி பெயரிடுதல். ஐஎஸ்ஓ/ஐஇசி 11179 என்ற பன்னாட்டுத் தரம் இதற்கு ஒரு வழி தருகிறது. எதைப் பற்றிய தரவு, அதன் எந்தப் பண்பு, எந்த வடிவில் என்ற மூன்றும் பெயரில் தெரிய வேண்டும். ‘வாடிக்கையாளர் – பிறப்பு – தேதி’ என்பது அப்படிப்பட்ட பெயர். பழைய கோபோலில் பெயரின் உச்ச நீளம் 30 எழுத்துகள். எனவே அனுமதிக்கப்பட்ட சுருக்கங்களின் பட்டியலும் வேண்டும்.

நான்காம் படியில், தீர்மானித்த வரையறை காப்பிபுக் என்ற தனிக் கோப்பில் ஒருமுறை எழுதப்படும். நிரல்கள் ‘காப்பி’ என்ற கட்டளையால் அதை எடுத்துக்கொள்ளும். வரையறை மாறினால் காப்பிபுக்கைத் திருத்தி, அதைப் பயன்படுத்தும் நிரல்களை மீண்டும் தொகுத்தால் போதும்.

கடைசிப் படி சரிபார்ப்பு. பெயர்கள் மட்டும் மாறியிருந்தால், திருத்தத்துக்கு முன்னும் பின்னும் தொகுத்த இயந்திரக் குறிமுறைகளை ஒப்பிடலாம். தொகுத்த நேரம் போன்ற சில விவரங்கள் தவிர இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். புலத்தின் நீளம் மாறியிருந்தால் இது போதாது. பழைய கோப்புகளைப் புதிய வடிவுக்கு மாற்ற வேண்டும். அவற்றைப் படிக்கும் எல்லா நிரல்களும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். பழையதையும் புதியதையும் இணையாக ஓட்டி முடிவுகளை ஒப்பிட வேண்டும்.

இவற்றுடன் தரவு அகராதி ஒன்றும் தேவை. ஒவ்வொரு தரவின் பெயர், பொருள், அலகு, அனுமதிக்கப்பட்ட மதிப்புகள் ஆகியவற்றைச் சொல்லும் பதிவேடு அது. ‘இருப்பு’ என்பது நாள் முடிவின் இருப்பா, எடுக்கத்தக்க இருப்பா என்பதைப் பெயர் மட்டும் சொல்லாது. அகராதி சொல்லும்.

இந்தப் பணிக்குச் செலவு அதிகம். நன்றாக ஓடும் நிரலைத் தொடும்போது புதிய பிழை நுழையலாம். பராமரிப்பவர்களுக்குப் பழகிய பெயர்கள் மறைந்துபோகும். பழைய ஆவணங்களோடு உள்ள தொடர்பும் அறும். எனவே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவது பல நிறுவனங்களுக்குத் தேவையில்லை. அகராதியை முதலில் தொடங்கலாம். அதற்கு எந்த நிரலையும் தொட வேண்டியதில்லை. அடுத்து, முரண்படும் பதிவு வரையறைகளைத் திருத்தலாம். பணத்தையும் தேதியையும் தவறாக்கக்கூடியவை அவைதான். பெயர்களை, வேறு காரணத்துக்காக நிரல் திறக்கப்படும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். அகராதிக்கு ஒரு பொறுப்பாளர் இருப்பதும், புதிய நிரல்கள் அதை மீறாதிருப்பதும் முக்கியம். அந்த இரண்டும் இல்லாவிட்டால் சீராக்கிய பெயர்களும் சில ஆண்டுகளில் மீண்டும் கலைந்துவிடும்.