வளைந்த வெள்ளைப் புழுவெல்லாம் வேர்ப்புழு அல்ல

துர்கா பூஜை முடிந்து மண்ணில் ஈரம் குறையத் தொடங்கியதும் கொல்கத்தாவின் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸ்களில் டாலியாவுக்கும் சாமந்திக்கும் பாத்தி கொத்துவார்கள். மண்வெட்டியோடு பிறைபோல வளைந்த வெள்ளைப் புழு ஒன்று புரண்டு வரும். உடனே தீர்ப்பு: "வேர்ப்புழு! குளோர்பைரிபாஸ் ஊத்துங்க சார்." ஆற்றுக்கு அக்கரையில் 1787 முதல் தாவரவியல் பூங்கா இருக்கிறது, இக்கரையில் விசாரணையே இல்லாமல் தண்டனை.

சுருண்டு கிடப்பதெல்லாம் வேரைத் தின்னும் என்பதே முதல் பிழை. அந்தப் புழுவைச் சிமெண்டுத் தரையில் விட்டுப் பாருங்கள். மல்லாந்து, கால்களை மேலே வைத்துக்கொண்டு முதுகாலேயே நகர்ந்தால் அது பூ வண்டின் புழு. மட்கிய இலையும் எருவும்தான் அதற்குச் சாப்பாடு, உரக்குழியிலேயே விட்டுவிடலாம். பக்கவாட்டில் சுருண்டு கிடந்து, பிறகு காலூன்றி நகரப் பார்த்தால் வேர்ப்புழு என்று சந்தேகிக்கலாம். எருக்குவியலில் கட்டைவிரல் பருமனில் கிடைப்பது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. பாத்திக்கு அதனால் கேடில்லை, ஆனால் வண்டானபின் தென்னங்குருத்தைத் துளைக்கும். அதைப் பொறுக்கி மைனாவுக்குப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

"காலையில் பார்த்தால் நாற்று அறுந்து கிடக்கிறதே?" என்பார்கள். தரைமட்டத்தில் தண்டு கத்தரிக்கப்பட்டிருந்தால் பழி வெட்டுப்புழுவுக்குப் போக வேண்டும். அது வண்டினமே இல்லை, ஓர் அந்துப்பூச்சியின் புழு. சாய்ந்த நாற்றின் அடியில் விரல் ஆழம் கிளறினால் கரும்பழுப்பாகச் சுருண்டிருக்கும். கையால் எடுத்துப் போட்டால் தீர்ந்தது. வேர்ப்புழு தின்ற செடி வாடும். லேசாக இழுத்தால் வேரில்லாமல் கையோடு வரும். வேர் அழுகி நாறினால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. நாலுக்கும் ஒரே புட்டியா மருந்து?

அந்த மருந்தும் சொன்னபடி வேலை செய்யாது. குளோர்பைரிபாஸ் மட்கோடும் களிமண்ணோடும் ஒட்டிக்கொள்ளும். எரு போட்ட பாத்தியில் மேல்மண்ணிலேயே நின்றுவிடும். பூஜைக்குப் பிறகு சிக்கும் வேர்ப்புழுவோ முற்றியது, இளம்புழுபோல எளிதில் சாகாது. போரேட் குருணை தூவச் சொல்பவர்களும் இன்னும் உண்டு. 2020 டிசம்பர் 31-ஓடு இந்தியாவில் தடையான நஞ்சு அது.

அமெரிக்கத் தோட்டக்காரர்கள் புகழும் பால்நோய் பாக்டீரியாவும் நமக்கு உதவாது. அது ஜப்பான் வண்டின் புழுவுக்கானது. நமக்கு உகந்தது உள்நாட்டிலேயே இருக்கிறது. கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு 1992-ல் பெயர் பெற்ற ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா என்ற நூற்புழு, வேரைத் தொடாமல் பூச்சிப் புழுவின் உடலுக்குள் புகுந்து, தான் சுமந்துவரும் பாக்டீரியாவால் அதைக் கொல்லும். ஈரமண்ணில் சாயங்காலம் விட வேண்டும். மெட்டாரைசியம் பூஞ்சையும் கைகொடுக்கும்.

சாண எருவே கூடாது என்பது பாதி உண்மை. மட்காத சாணம்தான் வண்டை முட்டையிட இழுக்கும். நன்றாக மட்கியதைச் சலித்துப் போடுங்கள்.

வேர்ப்புழுதான் என்று உறுதியானாலும் அதைத் தடுக்கும் பருவம் குளிர்காலம் அல்ல. கோடையில் இடியோடு வரும் கால்பைசாகி மழை மண்ணை நனைத்த மாலைகளில் அதன் வண்டுகள் மண்ணிலிருந்து வெளியேறி வேம்பிலும் முருங்கையிலும் ஏறும். இருட்டியதும் கிளையை உலுக்கி, விழுவதை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள்; சோப்புத் தண்ணீரும் போதும். ராஜஸ்தானில் நிலக்கடலை விவசாயிகள் ஊர்கூடிச் செய்வது இது. ஒரு வீடு மட்டும் செய்தால் பக்கத்து வேம்பிலிருந்து மறுநாளே வந்துவிடும். குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதும் அதே வாரத்தில் இறங்க வேண்டும்.