அரசுச் சுவர்களில் கலை: ஓவியர்கள், சிற்பிகளின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் பொதுப்பணித் துறைக்கும் கலை பண்பாட்டுத் துறைக்கும் ஓவியர்களும் சிற்பிகளுமாகிய நாங்கள் முன்வைப்பது:

அரசுக் கட்டடத்தில் இருக்கும் ஓவியத்தையும் சிற்பத்தையும் பழைய பீரோவைப் போலக் கழித்துக் கட்டக் கூடாது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் புதுப்பிப்பு வேலையின்போது அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் 1992-இல் வழக்குத் தொடுத்தார். பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவின்படி, படைப்பை விற்ற பிறகும் அது சிதைக்கப்படாமல் காக்கும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்று 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எஞ்சிய பகுதிகளைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. நாடறிந்த சிற்பிக்கே 13 ஆண்டு ஆயிற்று. தாலுகா அலுவலகச் சுவரில் மயில் வரைந்தவர் எந்தப் படியேறுவார்?

அந்த மயிலின் கழுத்தில் இன்று ஸ்விட்ச் பாக்ஸ் இருக்கிறது. தோகைமேல் பிவிசி பைப் ஓடுகிறது. எலக்ட்ரீஷியனைக் குறை சொல்ல மாட்டோம். அது ஒருவருடைய படைப்பு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எனவே ஒவ்வொரு படைப்புக்கும் அருகில் கலைஞர் பெயரும் ஆண்டும் பொறித்த பலகை வேண்டும். மாவட்டந்தோறும் பதிவேடு வேண்டும். வெள்ளையடிப்பதற்கோ அகற்றுவதற்கோ 60 நாள் முன்னதாகக் கலைஞருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தமிழில் எழுதிய ஒப்பந்தம் இல்லாமல் எவரும் தூரிகை எடுக்கும் நிலை இருக்கக் கூடாது.

அடுத்தது பணம். பிரான்சில் 1951 முதல் பள்ளிக் கட்டடச் செலவில் 1 சதவீதம் கலைக்கென்று ஒதுக்கப்படுகிறது; பின்னர் மற்ற அரசுக் கட்டடங்களுக்கும் அது விரிந்தது. அதே 1 சதவீதத்தை இங்கும் எஸ்டிமேட்டிலேயே சேருங்கள். திறப்பு விழாத் தேதி குறித்த பிறகு, யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்குச் சதுர அடிக் கணக்கில் வேலை கொடுப்பதை நிறுத்துங்கள். ஈரம் காயாத சிமென்ட் பூச்சில் அவசர அவசரமாக எமல்ஷன் அடித்தால் உப்புப் பூத்து, ஓரிரு மழைக்காலத்தில் பொருக்குத் தட்டி உதிரும். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931-இல் தெரியவந்தது. சுண்ணாம்புப் பூச்சைப் பக்குவப்படுத்திய பிறகே வண்ணம் தொட்டவர்களின் வேலை அது. சுவர் தயாராக எங்களுக்கும் அவகாசம் தாருங்கள். கட்டட வரைபடம் போடும்போதே எங்களைக் கூப்பிடுங்கள்.

தேர்வுக் குழுவில் பாதிப் பேராவது கலைஞர்களாக இருக்க வேண்டும். சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளிலும் மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியிலும் படித்து வந்தவர்களோடு, பட்டம் இல்லாத சுடுமண் கலைஞர்களுக்கும் மரச் சிற்பிகளுக்கும் அழைப்பு போக வேண்டும்.

எல்லாவற்றையும்விட இடம் முக்கியம். நல்ல படங்கள் அதிகாரிகளின் அறைகளுக்குள் போய்விடுகின்றன. அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் காலையிலிருந்து டோக்கனோடு காத்திருக்கும் தாய்க்கு எதிரே நோய் எச்சரிக்கைச் சுவரொட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை. அரசாணை வெளியாகும் ஆண்டில் அடிக்கல் நாட்டும் மருத்துவமனைகளிலிருந்தே இதைத் தொடங்குங்கள். முதல் படைப்பு அந்தக் காத்திருப்புக் கூடத்தில் அமையட்டும்.