ஞாயிறு விஞ்ஞானம்: வழியிலே கரையும் வலு

திருகோணமலை என்றவுடன் கோணேசர் ஆலயமும் இயற்கைத் துறைமுகமும் நம் நினைவுக்கு வருகின்றன. வானொலியில் நாட்டமுடையோருக்கு வேறொன்றும் நினைவுக்கு வரும். ஜேர்மனியின் டொய்ச்ச வெல்லே நிறுவனம் 1980களில் இங்கு அமைத்த அஞ்சல் நிலையம், இலட்சக்கணக்கான வாற்று வலுவுடன் ஆசிய நாடுகள் பலவற்றுக்குச் சிற்றலையில் ஒலிபரப்பி வந்தது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்புக்கு வந்தது.

அத்தகைய பெருநிலையத்தில் ஓராயிரம் வாற்று வழியிலே வீணானாலும் கேட்பவர் அறியார். அதே கடற்கரையில், தென்னை மரத்திற் கம்பியைக் கட்டி, ஒரு பற்றரியைத் துணைகொண்டு, 5 வாற்று வலுவுடன் தொலைநாட்டாரோடு பேச முனையும் அமெச்சூர் வானொலியாளரின் நிலை வேறு. அவருக்கு ஒவ்வொரு வாற்றும் பொன். அப்பொன் எங்கே தொலைகின்றது, அதனை எவ்வாறு காப்பது என்பதே இவ்வாரம் நாம் ஆராயப் புகும் பொருள்.

இது வெறும் பொழுதுபோக்குத்தானே என்று எண்ண வேண்டாம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது கிண்ணியா, மூதூர் முதலிய நம் கரையோர ஊர்களும் பேரழிவைக் கண்டன. நாட்டின் பல பாகங்களில் தொலைபேசி செயலிழந்தது. அவ்வேளையில் இலங்கை வானொலிச் சங்கத்தினர், விக்டர் குணதிலக்கவின் தலைமையில், தென்கரையிலுள்ள அம்பாந்தோட்டைக்கும் கொழும்பிற் பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லத்துக்கும் இடையே சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்தினர். தந்திக் கம்பமும் கோபுரமும் சாய்ந்த இடத்தில் ஒரு பெட்டியும் ஒரு கம்பியும் பேசின. இத்தகைய நாளில் மின்சாரமும் இராது. பற்றரியில் உள்ளதே இருப்பு. அதனை வீணாக்குவோர்க்கு மறுபடி நிரப்ப வழியில்லை.

பெட்டியிற் பிறக்கும் வலு அன்ரெனாவைச் சென்றடைய ஊட்டுகம்பி ஒன்று வேண்டும். பெரும்பாலோர் கையாள்வது ஓரச்சு வடம். நடுவே ஒரு செப்புக் கம்பி, அதைச் சுற்றி பிளாஸ்ரிக், அதன்மேற் பின்னிய செப்பு வலை, எல்லாவற்றுக்கும் மேல் ஓர் உறை என அமைந்தது அது. சுருட்டி எடுத்துச் செல்ல எளிது. ஆயினும் வலுவை வெப்பமாக்கி வழியிலே உண்ணும் குணம் அதற்கு உண்டு.

கந்தளாய்க் குளத்து நீர் வயலுக்குப் பாயும் விதத்தை நினைத்துப் பாருங்கள். மண்வாய்க்காலிற் செல்லும் நீரில் ஒரு பகுதி கசிந்து மறையும். வயலின் மடை குறுகியதாயின், வந்த நீர் உள்ளே புகமாட்டாது வாய்க்காலிலே தேங்கும். தேங்கத் தேங்கக் கசிவும் மிகும். ஊட்டுகம்பியிலும் இதுவே நிகழ்கின்றது. வடத்தின் இயல்பான தடங்கல் 50 ஓம். அன்ரெனாவின் தடங்கலும் அதுவேயாயின் வலு முழுவதும் உள்ளே புகும். வேறுபடுமாயின் ஒரு பகுதி தெறித்து மீளும். மீண்ட வலு முற்றாக இழக்கப்பட்டதன்று. பெட்டியின் பக்கத்திலிருந்து அது மறுபடியும் அன்ரெனாவை நோக்கித் திருப்பி அனுப்பப்படலாம். ஆனால் போகும்போதும் வரும்போதும் வடம் தன் வரியை அறவிடாமல் விடுவதில்லை. இவ்வேறுபாட்டின் அளவையே நின்ற அலை விகிதம் என்பர். முழுப் பொருத்தமாயின் அது 1.

ஓர் உதாரணம் காண்போம். 7 மெகா ஹேட்ஸ் மீடிறனுக்கென 20 மீற்றர் நீளக் கம்பியை இரு மரங்களுக்கிடையே கட்டி, நடுவில் இணைத்த 15 மீற்றர் மெல்லிய வடத்தால் (ஆர்.ஜி. 58 என்னும் வகை) வலுவை ஊட்டுகிறோம். அம்மீடிறனிற் பொருத்தம் நன்று. 5 வாற்றில் 4 வாற்றுக்கு மேல் அன்ரெனாவை அடையும். அதே கம்பியை 14 மெகா ஹேட்ஸிற் பயன்படுத்த விரும்பினால் நிலைமை தலைகீழாகின்றது. இப்போது கம்பியின் நடுவிலுள்ள தடங்கல் சில ஆயிரம் ஓம். 4000 ஓம் எனக் கொண்டால் விகிதம் 80. கணக்கிட்டுப் பார்த்தால் அன்ரெனாவை அடைவது அரை வாற்றுக்குச் சற்றே மேல். எஞ்சியது வடத்தைச் சூடாக்கப் போயிற்று!

இங்கேதான் இசைவாக்கி என்னும் ரியூனர் வருகின்றது. சுருளும் மாறுங் கொள்ளளவியும் அடங்கிய சிறு பெட்டி அது. எத்தடங்கலையும் 50 ஓமாகப் பெட்டிக்குக் காட்டவல்லது. மேசைமேல் வைத்துத் திருகினால் மானி 1 என்று காட்டும். வானொலியாளர் மனம் நிறைவுறும். ஆனால் அந்நிறைவு ஏமாற்றம். இசைவாக்கிக்கு அப்பால், வடத்திலே விகிதம் இன்னமும் 80 ஆகவே உள்ளது. பெட்டிக்கு நிம்மதி கிடைத்தது. வயலுக்கு நீர் கிடைக்கவில்லை. இன்னுமொரு விந்தை: இசைவாக்கி இல்லாமல் பெட்டியருகே அளந்தாலும் மானி ஏறத்தாழ 9 என்றே காட்டும். தெறித்த வலுவையும் வடமே உண்டுவிடுவதால், கெட்ட வடம் கெட்ட பொருத்தத்தை மறைத்து நிற்கும்.

பரிகாரம் மூன்று வகைப்படும்.

முதலாவது, இசைவாக்கியை அன்ரெனாவின் வாயிலிலே வைப்பது. மடையைச் சீர்செய்தால் வாய்க்காலிற் தேக்கமில்லை. வடத்தில் விகிதம் 1 ஆகிவிடும். இயல்பான கசிவு மாத்திரமே எஞ்சும்.

இரண்டாவது, வாய்க்காலையே மாற்றுவது. இரு கம்பிகளை 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் இணையாகக் கொண்டு செல்லும் ஏணிக்கம்பியின் இயல்பான தடங்கல் ஏறத்தாழ 600 ஓம். முற்கூறிய 4000 ஓமுக்கு விகிதம் 7 அளவே. கசிவும் மிகக் குறைவு. இசைவாக்கி மேசைமேல் இருப்பினும் அதனின்று புறப்படும் 5 வாற்றில் 4½ வாற்றுக்கு மேல் அன்ரெனாவை அடையும். பழைய குமிழ்முனைப் பேனாக்களின் குழாயை நறுக்கி இடைத்தாங்கிகளாக வைத்து மாணவரும் இதனைச் செய்யலாம். ஆனால் இரும்பு வேலியோடு சாய்த்தலும் நிலத்திற் சுருட்டிப் போடுதலும் ஆகா. இரு பக்கமும் சமநிலையிலுள்ள கம்பி இதுவாதலின், இசைவாக்கியும் அதற்கேற்றதாதல் வேண்டும்.

மூன்றாவது, வாய்க்காலே இல்லாமற் செய்வது. தனிக்கம்பி ஒன்றின் நுனியை நேரே இசைவாக்கியில் இணைத்து, மறுமுனையை மரத்தில் ஏற்றி, நிலத்தில் ஓரிரு எதிர்க்கம்பிகளை விரித்தாற் போதும். சுமந்து செல்வோர்க்கு இதுவே மிக இலகு. எவ்வழியிலும் இசைவாக்கியின் சுருள் சிறிது வலுவை உண்ணும் என்பதை மறக்கலாகாது.

நம் துறைமுகப் பகுதிக்கெனச் சில குறிப்புகளும் உண்டு. உப்புக்காற்று வடத்தின் முனைகளிற் புகுந்து செப்பு வலையைக் கறுக்கச் செய்யும். கசிவு ஆண்டுதோறும் மிகும். இணைப்புகளை ஈரம் புகாமல் மூடுதல் அவசியம். வடகீழ்ப் பருவமழையில் நனைந்த ஏணிக்கம்பியும், குறிப்பாகப் பிளாஸ்ரிக் நாடாவாக வருவது, தன் குணம் மாறும். இசைவாக்கியை மறுபடி திருகவேண்டும். மறுபுறம், உப்பு நீர் மின்னை நன்கு கடத்துவதால், உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் நீரோரம் நட்ட நிமிர்கம்பி தாழ்வான கோணத்தில் அலையைத் தொலைதூரம் செலுத்தும். கடல் தரும் இவ்வுதவியை நாம் வடத்திலே தொலைக்கலாமா?

பாதிவலு இழப்பது 3 தெசிபெல். உரத்துக் கேட்கும் குறிகையில் அது பெரிதாய்த் தோன்றாது. இரைச்சலின் விளிம்பிலே தத்தளிக்கும் குறிகைக்கோ அதுவே கேட்டலுக்கும் கேளாமைக்கும் உள்ள எல்லை. முன்னைய உதாரணத்தில் இழப்பு 9 தெசிபெலுக்கு மேல்.

ஓர் எச்சரிக்கை. அனுப்புதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பிரெடெரிக் கோட்டை இராணுவத்தினதும், துறைமுகத்தின் பெரும்பகுதி கடற்படையினதும் பொறுப்பில் உள்ளமையால், அங்கெல்லாம் அனுமதியின்றிக் கம்பி கட்டுதல் தகாது. மின்கம்பிகளை விட்டு விலகியிருங்கள். இடிமுழக்கம் கேட்டால் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

மாணவர்களே, மேசைமேலுள்ள மானி 1 என்று சொல்வது பெட்டியின் சுகத்தை மட்டுமே. கம்பியின் மறுமுனையில் எவ்வளவு வலு புறப்படுகின்றது என்பதை அது சொல்லாது. பெரிய பெட்டி வாங்கப் பணம் சேர்க்குமுன், உள்ள 5 வாற்றும் எங்கே போகின்றது என்று காகிதத்திற் கணக்கிட்டுப் பாருங்கள். பற்றரி ஒன்றே துணையாகும் நாளில் அக்கணக்கு ஓர் ஊரின் குரலைக் காக்கலாம்.