தணல் சட்டியும் சாத்திய கதவும்

மார்கழி, தை மாதங்களில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழுகிறது. மலையில் நனைந்து வரும் நாம், தணல் சட்டியைக் காம்பராவுக்குள் வைத்து, கதவைச் சாத்தி, இடுக்கில் சாக்கும் செருகிப் படுக்கிறோம். புகை இல்லையே என்று ஒரு தைரியம்.

அந்தத் தணலிலிருந்துதான் காபனோரொட்சைட்டு வருகிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அது 200 மடங்குக்கு மேல் பலமாகப் பற்றிக்கொள்ளும். வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாகத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் கொத்தமல்லி அவித்துக்கொண்டிருக்க வேண்டாம். எல்லோரையும் வெளியே கூட்டிவந்து 1990க்கு அழையுங்கள். தூங்குகிறவருக்கோ தலைவலிகூடத் தெரியாது. ஆகவே படுக்கும் முன் சட்டி வாசலுக்குப் போய்விட வேண்டும். தணலில் தண்ணீரும் ஊற்ற வேண்டும்.

சன்னலைத் திறந்து வையுங்கள் என்று எழுதுவது நமக்குச் சுலபம். பல லயங்களில் திறப்பதற்குச் சன்னல் எங்கே இருக்கிறது? புகைக்கூண்டு அடைத்துக் கிடக்கிறது. இதைத் திருத்துவது நிர்வாகத்தின் வேலை, நம் தலையெழுத்து அல்ல. பழுதான காம்பராக்களின் இலக்கங்களை இந்த மாதமே தோட்டத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னதைத் துரை மறந்துவிடுவார்.