கணக்கு மேலே போகிறது. சேதி கீழே வருவதில்லை!

1952-ல் சர்க்கார் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கியது. அவசர நிலைக் கொடுமைகளால் அந்தப் பெயரே நாறிப்போன பின், 1977-ல் "குடும்ப நலம்" என்று மாற்றினார்கள். பெயர் மாறியது, பழக்கம் மாறவில்லை. எத்தனை ஆபரேஷன் என்ற கணக்கு மேலே போகிறது. மக்களுக்குச் சேர வேண்டிய சேதி கீழே வருவதில்லை.

சென்னையின் மேற்குப் பகுதியைப் பாருங்கள். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சி. ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இவை போகத் தனியார் ஆஸ்பத்திரிகள், தொண்டு ஸ்தாபனங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, ஆவடியில் குடித்தனம், பூந்தமல்லித் தாய்வீட்டில் பிரசவம் என்று வாழும் பெண் எத்தனை பேர்! காப்பர்-டி வைத்தது ஓரிடம். ரத்தப்போக்கு என்று ஓடுவது வேறிடம். முன்பு நடந்ததை இரண்டாம் இடத்தில் சொல்வது யார்? வலியோடு நிற்கும் அவளேதான்!

உரிய சந்தா கட்டிய இ.எஸ்.ஐ. தொழிலாளி கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டால், ஆணுக்கு 7 நாள், பெண்ணுக்கு 14 நாள், முழுக் கூலிக்கு ஈடான பணம் உண்டு. எந்த முதலாளி இதை வாயிலில் ஒட்டினார்? ஒப்பந்தக்காரர் சொல்வாரா? ஒடிசா, பீகார் தொழிலாளிக்கு அவர் பாஷையில் யார் சொல்வது?

ஆண்களிடம் சேதி போகாததன் பலனைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி, 15 முதல் 49 வயதுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது நூற்றுக்கு அரை கூட இல்லை. சுமை முழுவதும் பெண் தலையில்!

"ஜனங்களுக்கு அறிவில்லை" என்கிறார்கள் மேதாவிகள். பொய்! அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 1.8 தான். ஜனங்கள் எப்போதோ முடிவெடுத்துவிட்டார்கள். ஒழுங்குபட வேண்டியது நிர்வாகம்.

எண்ணிக்கை வெறி எங்கே கொண்டுபோய் விடும்? 1996-லேயே இலக்குகளை ஒழித்துவிட்டதாக டில்லி அறிவித்தது. ஆனால் 2014 நவம்பரில், சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. 13 ஏழைப் பெண்கள் மாண்டார்கள். இலக்கு கூடாது, 3 ஆண்டுக்குள் முகாம்களை நிறுத்த வேண்டும், புரிந்த மொழியில் விளக்கிய பிறகே சம்மதம் பெற வேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டி வந்தது.

பழியைச் செவிலியர் மேல் போடாதீர்கள். வீடு வீடாக நடந்து, இரவில் ரிப்போர்ட்டும் எழுதுபவர் அவர். குற்றம் மேலே இருக்கிறது.

நமது கோரிக்கைகள் மூன்று. இப்பகுதியின் சுகாதார அதிகாரிகள், இ.எஸ்.ஐ., தொண்டு ஸ்தாபனங்கள் மாதம் ஒருமுறை ஒன்றாக உட்கார வேண்டும். தொழிற்சங்கமும் மாதர் சங்கமும் அதில் இடம்பெற வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியும் ஏற்கும் ஒரே சிகிச்சை அட்டை வேண்டும். அது பெண்ணின் கையிலேயே இருக்க வேண்டும், முதலாளி கண்ணில் படக்கூடாது. உரிமைகளைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒவ்வொரு ஆலை வாயிலிலும் எழுதி வைக்க வேண்டும்.

தோழர்களே! அதிகாரிகள் தாமாகக் கூடிப் பேசுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ஆலை வாயிலிலும் குடியிருப்பிலும் கையெழுத்துத் திரட்டுங்கள். மூன்று அலுவலகக் கதவுகளையும் ஒரே நாளில் தட்டுவோம்!