பரம்பரைத் துப்பாக்கி

போன ஆனி மாதம், சாரல் ஆரம்பித்த நாலாம் நாள், குற்றாலத்தில் சீசனுக்கு வந்து இறங்கியிருந்த ஒரு கனவான் புளியறைக்கு என் வீட்டைத் தேடி வந்தார். என் கதைகளைப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நானும் அசட்டுத்தனமாக உள்ளே ஓடிப்போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். காப்பி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு அவர் கேட்டார்:

"உங்கள் பெரியப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி உங்களிடம் இருக்கிறதாமே ஸார், அதைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

கதாசிரியனின் கர்வம் அந்தக் காப்பியோடு போயிற்று. போகட்டும். துப்பாக்கியை எடுத்து வந்து மேஜையின் மேல் வைத்தேன். மனிதர் அதைத் தொடுவதற்கு முன் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். மடக்கிப் பார்த்தார்; குழல்களுக்குள் கண்ணை விட்டு வெளிச்சம் பார்த்தார்; அடிப்பக்கத்தில் இருந்த பர்மிங்ஹாம் முத்திரைகளை ஒரு சின்னப் பூதக் கண்ணாடியால் படித்தார். பிறகு, கட்டையில் பெரியப்பாவின் கன்னம் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன இடத்தைத் தடவி, "இதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக எண்ணெய் ஏற்றினால் பிரமாதமாக இருக்கும்" என்றார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சும்மா இருந்தேன். போகிறபோது அவர் ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான்: "இதெல்லாம் நம் பாரம்பரியம் ஸார். நம்மைப் போன்றவர்கள்தான் இதைக் காப்பாற்ற வேண்டும்."

நம் பாரம்பரியமா? யாருடைய பாரம்பரியம்?

முதலில் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழைய துப்பாக்கிகளுக்கென்றே ஏலக் கம்பெனிகள் உண்டு. சந்தை மாதிரிக் கண்காட்சிகள் உண்டு. நம் நாட்டில் அந்த மாதிரிச் சந்தை கிடையாது. இருந்தாலும் பித்து இருக்கிறது. எண்பதுகளின் நடுவிலிருந்து தனி மனிதர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதற்குத் தடை. ஆகவே, அதற்கு முன் வந்து சேர்ந்ததுதான் சரக்கு. ஒரு பண்டம் இனிமேல் வராது என்று தெரிந்துவிட்டால் அதற்கு என்ன விலை ஏறும் என்பது, வெங்காயம் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். அதிலும் பர்டி, ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று பெயர் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். லைசென்ஸ் உள்ளவர் லைசென்ஸ் உள்ளவருக்குத்தான் விற்கலாம். விற்கிறவர், 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, 45 நாளுக்கு முன்னால் அதிகாரிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முன்பெல்லாம் ஒருவர் 3 துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். 2019-ல் திருத்தம் வந்து 2 ஆகக் குறைந்துவிட்டது. பாட்டன் சொத்தாக வந்ததும் அந்தக் கணக்கில் சேர்த்தி. மூன்றாவது இருந்தால் ஒரு வருஷத்துக்குள் ஸ்டேஷனிலோ ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும் என்று கெடு வைத்தார்கள்.

நம்முடைய கனவானுக்கு இந்தத் திருத்தத்தில் மகா துக்கம். அவர் பேரில் இரண்டு, சம்சாரத்தின் பேரில் இரண்டு, மகன் பேரில் ஒன்று. மகன் பேரில் இன்னும் ஓர் இடம் காலி. அந்தக் காலி இடத்துக்குத்தான் என் பெரியப்பா தேவைப்பட்டார்!

இதைப் படிக்கிறவர்களில் சிலர், "இந்த எழுத்தாளனுக்கு அழகு தெரியவில்லை, நல்ல வேலைப்பாட்டை ரசிக்கத் தெரியவில்லை" என்று சொல்லக்கூடும். தெரியும் ஐயா. அந்தத் துப்பாக்கியோடு வளர்ந்தவன் நான். பன்னிரண்டு போர் என்றால் என்ன என்று பெரியப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தபோது எனக்கு வயசு பத்து. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் போகுமோ அது பன்னிரண்டு போர். இரண்டு குழல்களில் வலது குழலின் வாய் கொஞ்சம் விரிந்திருக்கும். கிட்டத்தில் இருப்பதற்கு அது. இடதின் வாய் நெருக்கியிருக்கும். எட்டிப் போனதற்கு இது. முன் விசை, பின் விசை என்று இரண்டு விசை. இரண்டு குழல்களையும், கொஞ்சம் தொலைவில் ஒரே இடத்தில் போய் அடிக்கும்படியாக, முடி அளவு சாய்வு கொடுத்து ஒட்டியிருக்கிறானே, அந்த ஒட்டுவேலை ஒரு மனிதனின் கண்ணும் கையும் சேர்ந்து செய்தது. அதற்கும் முந்திய காலத்து டமாஸ்கஸ் குழல்களில், இரும்பையும் எஃகையும் பட்டை பட்டையாக முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி அடித்திருப்பார்கள்; பாம்புத்தோல் மாதிரி வரி ஓடும். அதில் இந்தக் காலத்துப் புகையில்லாத மருந்துத் தோட்டாவைப் போட்டால் குழல் வெடித்துக் கை போய்விடலாம். ஆக, பார்க்கத்தான் லாயக்கு. அழகு இல்லை என்று யார் சொன்னார்கள்?

அழகு வேறு, பாரம்பரியம் வேறு. இதை இரண்டையும் குழப்பி விலை பேசுவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

இந்தச் சீமையில் துப்பாக்கியின் சரித்திரத்தைக் கொஞ்சம் பாருங்கள். பாஞ்சாலங்குறிச்சி விழுந்த பிறகு, 1801 டிசம்பர் 1-ம் தேதி மதராஸ் கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் போட்டான். பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்க வேண்டும். ஜனங்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. நெல்லைச் சீமையின் வேலும் வாளும் துப்பாக்கியும் அதோடு போயின. அதில் ஒன்றையாவது இந்தக் கனவான்கள் யாரிடமாவது காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். அப்புறம் 1878-ல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம். இந்தியன் லைசென்ஸ் வாங்க வேண்டும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம். இந்த அவமானம் காந்தியடிகளுக்கே பொறுக்கவில்லை. 1918-ல் அவர் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தில் இந்தச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். 1931-ல் கராச்சிக் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்றாக இருந்தது. அஹிம்சைக்காரர்களின் மகாநாடு அது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலைமை இப்படி இருந்த காலத்தில் பர்மிங்ஹாமிலிருந்து கப்பலில் வந்த இரட்டைக்குழல் யார் கைக்குப் போயிற்று? கலெக்டருக்கு, தோட்டத் துரைக்கு, ஜமீன்தாருக்கு, மகாராஜாவுக்கு. என்ன செய்தார்கள்? 1938 நவம்பர் 12-ம் தேதி பரத்பூர் ஏரியில் வைஸ்ராய் லின்லித்கோ கௌரவார்த்தம் ஒரு வேட்டை நடந்தது. ஒரே நாளில் 4,273 பறவைகள் விழுந்தன. கணக்கு என் கற்பனையல்ல. அங்கேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்று அதே இடம் பறவைகள் சரணாலயம். சைபீரியாவிலிருந்து பறந்து வந்த ஜீவன்களை நாள் முழுக்கச் சுட்டு வீழ்த்திய அந்தக் குழல்களில் ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால், "சரித்திரப் பிரசித்தி பெற்றது" என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். நம் பாரம்பரியம் என்று எதைச் சொல்கிறோம் என்று யோசித்துத்தான் சொல்கிறோமா?

"குடகர்கள் துப்பாக்கிக்குப் பூஜை செய்கிறார்களே, அது என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குடகர்களுக்கு லைசென்ஸிலிருந்து வெள்ளைக்காரன் காலத்திலேயே விலக்கு உண்டு. 2019-ல் அதை மேலும் பத்து வருஷத்துக்கு நீட்டித்தார்கள். கைல்போது பண்டிகையன்று ஆயுதத்துக்குச் சந்தனம் வைத்துப் பூச்சூட்டுகிறார்கள். அங்கே அது வீட்டு மனிதர்களில் ஒருவர் மாதிரி. எந்தக் கம்பெனி, எந்த வருஷம், என்ன விலை போகும் என்று பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டா பூச்சூட்டுகிறார்கள்?

இன்னொரு சமாசாரம். திப்பு சுல்தானுக்காக 1793-94-ல் செய்த ஒரு வேட்டைத் துப்பாக்கி இங்கிலாந்தில் இருந்தது. 2023-ல் அதன் மதிப்பு 20 லட்சம் பவுன் என்று கணித்து, அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது, உள்நாட்டுப் பொது ஸ்தாபனம் ஏதாவது வாங்கிக்கொள்ளச் சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் சர்க்கார் தற்காலிகத் தடை போட்டது. கொள்ளைக்காரன் வீட்டில் பாரம்பரியம் என்ற வார்த்தைக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள்! ஆனாலும், பரிகாசத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அவன் செய்ததில் ஒரு புத்தி இருக்கிறது. பாரம்பரியம் என்றால் பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும். சென்னையில் ஒரு பங்களாவின் இரும்பு அலமாரிக்குள், மாதம் ஒரு தரம் எண்ணெய் துடைப்பதற்காக வெளியே வருவதை எந்தக் கணக்கில் பாரம்பரியம் என்பது?

"நாங்கள் வாங்காவிட்டால் இவை துருப்பிடித்துப் பாழாய்ப் போகும்" என்பது அவர்களுடைய பலமான வாதம். அதில் பாதி உண்மை. வாரிசுக்கு லைசென்ஸ் எடுக்க இஷ்டமில்லாமல் ஒப்படைத்துவிட்ட துப்பாக்கிகள் எத்தனையோ. ஆனால் கனவான் துருவை மட்டுமா எடுக்கிறார்? பெரியப்பாவின் கன்னத்தையும் அல்லவா சுரண்டி எடுக்கிறேன் என்கிறார்! அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பர்மிங்ஹாம்தானே? அதைக் காப்பாற்ற பர்மிங்ஹாம்காரனுக்குத் தெரியும்.

பெரியப்பாவின் துப்பாக்கி என்ன செய்தது என்று சொல்லுகிறேன். எங்கள் ஊர் 1956 நவம்பர் 1-ம் தேதி வரையில் திருவிதாங்கூர் பக்கத்துச் சீமை. செங்கோட்டைத் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது ஊரோடு துப்பாக்கியும் சேர்ந்து வந்தது. மலையடிவாரம். வீட்டுக்குப் பின்னால் வயல், வயலுக்குப் பின்னால் தென்னை, தென்னைக்குப் பின்னால் காடு. பிசான நெல் பால் பிடிக்கிற சமயத்தில் பன்றி இறங்கும். சில வருஷம் மிளாவும். பெரியப்பா பரணில் உட்கார்ந்திருப்பார். சுட்டது அநேகமாக ஆகாசத்தைத்தான். ஒரு வெடி கேட்டால் அந்தப் பக்கத்து வயல்காரர்கள் எல்லோரும் திரும்பிப் படுத்துத் தூங்குவார்கள். தோட்டாவுக்கு ஊர்க்காரர்கள் நெல் அளந்து கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். பாரம்பரியம் என்று ஒன்று இருந்தால், அந்த மரக்கால் நெல்தான்.

இப்போது வெடி கிடையாது. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது; வந்தது நல்லது என்று சொல்பவன் நான். பரத்பூர்க் கணக்கைப் படித்தவன் வேறு என்ன சொல்ல முடியும்? ஆனால் பன்றிக்குச் சட்டம் தெரியாதே! மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் 2022-லிருந்து பஞ்சாயத்துத் தலைவர் உத்தரவு கொடுத்தால், லைசென்ஸ் உள்ளவர் விளைச்சலைக் கெடுக்கும் பன்றியைச் சுடலாம். இந்தப் பக்கம் 2025-ல் ஒரு முறை வகுத்தார்கள். காப்புக் காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பன்றி வந்தால் வனத்துறையார் சுடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. எங்கள் வயல் பன்றிக்கு ரொம்பப் பக்கம். ஆகவே நாங்கள் சட்டத்துக்கு ரொம்பத் தூரம். எல்லோர் கையிலும் துப்பாக்கியைக் கொடு என்று நான் கேட்கவில்லை. இருட்டில் பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்ட கதைகள் மலையோர ஊர்கள் எல்லாவற்றிலும் உண்டு. துப்பாக்கி இல்லாதவன் அவுட்டுக்காய் வைத்து, அதைக் கடித்த பசுமாட்டின் வாய் சிதறியதையும் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பயிரைக் காக்க ஒருவன் லைசென்ஸ் கேட்டால் ஆயிரம் கேள்வி. அலமாரியை அலங்கரிக்க ஒருவர் ஐந்து வைத்துக்கொண்டு ஆறாவதைத் தேடுகிறார். பழம்பொருளாகிவிட்ட துப்பாக்கியைச் சுடாமல், வெளியே கொண்டுபோகாமல், வெறுமனே வீட்டில் வைத்துக்கொள்வதற்கு லைசென்ஸே வேண்டாம் என்று 2020-ல் விதியைத் தளர்த்தியும் ஆகிவிட்டது. உபயோகம் இல்லாமல் வைத்துக்கொள்வது ஒரு தகுதியாகிப் போயிற்று! மாறாக, இப்படிப்பட்ட துப்பாக்கியை விற்க நினைப்பவன் முதலில் ஒரு மியூசியத்தைக் கேட்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கட்டும். எழும்பூரில் இருக்கிறது, பாளையங்கோட்டையில் இருக்கிறது. கம்பெனியின் பெயரோடு, பரணில் உட்கார்ந்தவன் பெயரையும் அட்டையில் எழுதி வைக்கட்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்கட்டும். அப்போது கனவான்கள் அதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ரசிக்கலாம்; நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

கனவான் மறுபடியும் மூன்று தரம் டெலிபோன் செய்தார். ஒவ்வொரு தரமும் தொகை ஏறியது. பொய் சொல்வானேன், மூன்றாம் தொகையைக் கேட்டபோது பெண்ணின் காலேஜ் பணம் ஞாபகத்துக்கு வந்து, கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை எனக்கு. "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். யோசித்தேன். மியூசியத்துக்கு ஒரு மனு எழுதி, பெரியப்பாவைப் பற்றி இரண்டு பக்கம் சேர்த்து, மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். தபாலில் போட இன்னும் மனசு வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கறுத்த கட்டையில் அவ்வப்போது நானும் கன்னத்தை வைத்துப் பார்க்கிறேன்.

போன வாரம், வியாழக்கிழமை தட்சிணாமூர்த்தி கோயில் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, ராத்திரி இரண்டு மணி சுமாருக்கு அடுத்த வயல்காரர் வாசலில் வந்து கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, பன்னி எறங்கிட்டு. ஏழெட்டு இருக்கும். பெரியவுக துப்பாக்கி இருக்குல்லா, சும்மா மேல பாத்து ஒண்ணு போட்டா என்ன?"

"போடக் கூடாதுய்யா" என்றேன்.

"வெறும் சத்தத்துக்குங்கூடவா?"

"கூடாது."

அவர் சிறிது நேரம் நின்றார். பிறகு என் வீட்டுத் திண்ணையில் கிடந்த காலி எண்ணெய் டின்களில் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். தட்டிக்கொண்டே இரண்டு பேரும் வரப்பில் இறங்கினோம்.